கோட்டுக்கு வெளியே பேசக்கூடாது

வாயை மூடிக்கொண்டிருப்பதற்கு மிட்டாய் கொடுக்கிறார்கள். நாற்பது தாண்டினவளுக்கு, ஒரு பிள்ளையைப் பெற்று வளர்க்கிறவளுக்கு, பச்சை நிறத்தில் ஒரு குச்சி மிட்டாய். கொடுத்தவள் பிள்ளைகளின் ஃபுட்பால் லீக் கமிட்டியில் இருக்கும் மிசஸ் கால்டர். பிளாஸ்டிக் வாளி நிறைய மிட்டாயை வைத்துக்கொண்டு, கோட்டோரம் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் அம்மா அப்பாக்களிடம் ஒவ்வொருவராக வந்து, கோவில் பூசையில் நன்மை அப்பம் கொடுக்கிற சிஸ்டர் மாதிரி அத்தனை பவ்யமாக நீட்டினாள். இன்றைக்கு சைலண்ட் சண்டே, ஞாபகம் இருக்கும், கைதட்டலாம், சிரிக்கலாம், பேச மட்டும் கூடாது, பிள்ளைகள் அவர்களாகவே விளையாடட்டும். அவர்களாகவே. அப்படியானால் வாரத்தில் மூன்று சாயங்காலம் பிராக்டிஸுக்குக் கார் ஓட்டுகிறது யார், இந்த வட கரோலினாவின் செம்மண் ஒட்டின வெள்ளைக் காலுறைகளைக் கையால் கசக்குகிறது யார். போன மாதம் எதிரணிப் பிள்ளையின் அப்பன் ஒருவன் ரெஃப்ரியைப் பார்த்துக் கத்தினான், ரெஃப்ரி ஹைஸ்கூல் படிக்கிற பெண், அழுதுவிட்டாள், சரி, அவன் வாயில் மிட்டாயைத் திணியுங்கள், வாளியையே திணியுங்கள். நான் எந்த ரெஃப்ரியையும் ஒன்றும் சொன்னதில்லை. என் மகளிடம் மட்டும்தான் சொல்கிறேன், பின்னால போ, இடது பக்கம் பார், ஆளை விடாதே. கத்துவது வேறு, சொல்வது வேறு. இது இந்த ஊர்க்காரர்களுக்குப் புரியாது. ஆன்சலத்துக்கும் புரியாது, பக்கத்து நாற்காலியில் என் கணவர் தன் மிட்டாயை இடது கன்னத்துக்கும் வலது கன்னத்துக்கும் மாற்றி மாற்றி நிம்மதியாகச் சப்புகிறார், அவருக்குப் பேசாமல் இருப்பது விரதமில்லை, விடுமுறை. இன்று காலை மட்டும் பேசினார். பேசாமலேயே இருந்திருக்கலாம்.

சமையலறையில் நான் ஆரஞ்சுப் பழத்தை நாலாக வெட்டி டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தேன், ஆட்டத்தின் இடைவேளையில் பிள்ளைகளுக்குக் கொடுக்க. காப்பியைக் கலக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், கோப்பையைப் பார்த்துச் சொன்னார், "அவளுக்கு இனி வேண்டாமாம்."

"யாருக்கு? எது?"

"அபிக்குதான். ஃபுட்பால். நேத்து கார்ல வரும்போது சொன்னா. இந்த சீசனோட போதும்னு." ஸ்பூனை எடுத்துக் கழுவினார், ஏற்கெனவே கழுவின ஸ்பூன். "உன்கிட்ட சொல்ல அவளுக்குப் பேடியாம்."

பேடி. எங்கள் குமரிக் கடற்கரையில் பயத்துக்கு அதுதான் பேர். மகளை 'மக்களே' என்று கூப்பிடுவதைத் தவிர இவர் வாயில் ஊர்ப் பேச்சு வராது, பொதுத் தமிழாக வழவழவென்று பேசுவார், இந்த ஒரு வார்த்தையை மட்டும் பத்திரமாக வைத்திருந்து எடுத்துக் கொடுத்தார், காலை எட்டு மணிக்கு, கையில் நான் கத்தி வைத்திருக்கும்போது. என்னைக் கண்டா பேடி. நான் அவளை அடித்ததுண்டா? ஒருநாள், ஒரு பொழுது? பள்ளிக்கூடத்தில் நூற்றிருபது பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன், ஒருத்தருக்கும் என்னிடம் பயம் கிடையாது, கொஞ்சம் இருந்தால் எனக்கே உதவியாக இருக்கும். வீட்டில் ஒரே பிள்ளை, அதற்குப் பேடி. நான் கேட்க வாயெடுப்பதற்குள் மாடிப்படியில் தடதடவென்று சத்தம், அபிஷா இறங்கி வந்துவிட்டாள், மஞ்சள் ஜெர்ஸி, தலையை இழுத்துக் கட்டின குதிரைவால், "அம்மா, என் ஷின்கார்டு எங்க?" என்று கேட்கிறாள், பயந்த பிள்ளை கேட்கிற குரலா அது. துவைக்கிற மெஷின் மேல இருக்கு என்றேன். காரில் யாரும் பேசவில்லை. வந்து இறங்கினால் பேசக்கூடாது என்று மிட்டாய்.

ஆட்டம் தொடங்கிவிட்டது. இடது காதில் இந்த ஆட்டம், வலது காதில் முடிக்குள் மறைத்து ஒரு இயர்பட், அதில் ஸ்கார்பி டவுன் டீமின் ஆட்ட வர்ணனை. இங்கிலாந்தில் இன்றைக்கு சீசனின் கடைசி நாள், எல்லா ஆட்டமும் ஒரே நேரத்தில், ஸ்கார்பி ஜெயித்தால் பெரிய லீகில் தங்கும், ஜெயிக்காவிட்டால் கீழே போகும், அவ்வளவுதான் விஷயம். காதில் இயர்பட் வைத்தால் பேசினதாக ஆகுமா? ஆகாது. விதியில் இல்லை. மிசஸ் கால்டர் கேட்டால் சொல்வேன், கேட்டால்தான் சொல்வேன், கேட்கவும் முடியாது அவளுக்கு, அவளும் பேசக்கூடாதே. யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள் எனக்கு ஒரு டீம் இருக்கிறது என்று. ராலே நகரத்தில் ஒரு பாரில் ஸ்கார்பி ரசிகர்கள் கூடுவார்கள் என்று தேடிக் கண்டுபிடித்துப் போனேன், போட்டிருந்த ஜெர்ஸி பத்து வருஷம் பழையது, தோளில் எழுத்தெல்லாம் உதிர்ந்தது, தாடிக்காரன் ஒருவன் கேட்கிறான், உங்கள் கணவர்தான் உங்களை இதில் இழுத்துவிட்டாரா? என் கணவர். ஆஃப்சைடு என்றால் பந்து வெளியே போவது என்று இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிற என் கணவர். சரி, இந்த ஊர்க்காரன் அப்படி என்றால் அந்த ஊர்க்காரன்? இணையத்தில் ஸ்கார்பிக்காரர்கள் பேசிக்கொள்கிற இடத்தில், புது கோச்சை இவ்வளவு சீக்கிரம் விரட்டுவது சரியில்லை என்று நியாயமாக நாலு வரி எழுதினேன், உடனே ஒருவன், யாங்க் பேச வந்துட்டாங்க, மழையில் நனையாமல் சோஃபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கிற அமெரிக்கர்களுக்கு இது எங்கே புரியும் என்று. யாங்க். நான். அமெரிக்க பாஸ்போர்ட் வாங்கி மூன்று வருஷம் ஆகிறது, இந்த நாட்டில் ஒருத்தராவது என்னை முதல் பார்வையில் அமெரிக்கக்காரி என்று நினைத்ததுண்டா, எங்கிருந்து வருகிறீர்கள், இல்லை இல்லை உண்மையில் எங்கிருந்து என்று பல்டாக்டர்கூடக் கேட்பான், கடல் தாண்டி ஒருவன்தான் கண்டுபிடித்துச் சொல்கிறான், அதுவும் திட்டுவதற்கு. மழை எனக்குத் தெரியாதாம். ஜூன் மாதம் எங்கள் கடற்கரையில் நின்று பார்த்திருக்கிறானா அவன்.

சோஃபா என்றானே. அந்த சோஃபாவும் என்னுடையது இல்லை, முன்னால் குடியிருந்தவர்கள் விட்டுப்போனது. கல்யாணமாகி வந்த புதிது, ஆன்சலத்தின் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவள், வேலை பார்க்க அனுமதியில்லை, கார் ஓட்டத் தெரியாது, எம்.எஸ்ஸி. கணக்கு படித்தவள் காலையில் அவர் போனதும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு சனிக்கிழமை அவருக்கு ஆபீஸ், டிவியைப் போட்டால் ஒரு சாம்பல் நிற ஊர், சாம்பல் நிற வானம், பச்சைத் தரை, மெரூன் சட்டைக்காரர்கள் தோற்றுக்கொண்டிருக்கிறார்கள், தோற்பது பழகின மாதிரி ஓடுகிறார்கள், ஆனால் கோலுக்குப் பின்னால் நின்ற ஜனம் ஒரு நிமிஷம் வாயை மூடவில்லை. ஒரு கிழவி, ரெயின்கோட்டில், கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தாள். கேமரா அவளைக் காட்டினது இரண்டு நொடி இருக்கும். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அன்றிலிருந்து. அபிஷா வயிற்றில் இருக்கும்போது பக்கத்தில் பக்கெட்டை வைத்துக்கொண்டு, வாந்தி எடுத்து எடுத்துப் பார்த்த ஆட்டங்கள் உண்டு, ஒரு கோலும் விழாத ஆட்டங்கள். கத்தினேன். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவன் தட்டுவான். தட்டட்டும். எங்கள் ஊரில் பங்குக் கோவில் மைதானத்தில் பையன்கள்தான் ஆடுவார்கள், என் தம்பி ஜெரால்டுக்கு ஒன்பது வயதில் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தார்கள், அவனைவிட வேகமாக ஓடுகிறவள் நான், கடற்கரையில் ஓடிக் காட்டியிருக்கிறேன், அப்பா சிரித்துவிட்டு வலையைப் பார்க்கப் போய்விட்டார். பெண்பிள்ளைகள் மதில் மேல் உட்காரலாம், கத்தலாம். கத்த மட்டும் எங்களுக்கு அனுமதி இருந்தது. ஃபுட்பாலில் எனக்கென்று கிடைத்தது அது ஒன்றுதான், அதையும் இன்றைக்கு ஒரு மிட்டாய் கொடுத்து வாங்கிக்கொண்டுபோய்விட்டாள்.

பந்து எங்கள் பாதிக்கு வந்துவிட்டது. கோச் ட்ரெண்ட் பெஞ்சுக்கு முன்னால் கைகட்டி நிற்கிறான், அவனும் இன்று பேசக்கூடாது, பேசினாலும் இரண்டே வார்த்தைதான், "குட் ஜாப்", தப்பாக அடித்தாலும் குட் ஜாப், விழுந்தாலும் குட் ஜாப். அவன் மகள் மெக்கென்னா முன்னால் நிற்பாள், கோல் அடிக்கிற இடத்தில், பிறந்ததிலிருந்து அது அவள் இடம். என் மகள் பின்னால், தடுக்கிற இடத்தில், மூன்று வருஷமாக. அவளுக்கு வைத்திருக்கிற பேர் ஆபி. அபிஷா என்று மூன்று எழுத்தைச் சொல்ல இவர்களுக்கு நாக்கு வளையாது. நானும் ஆன்சலமும் வீட்டில் ராத்திரியெல்லாம் சண்டை போட்டு வைத்த பேர். சரி, அதை விடு. பின்னால் நின்றாலும் நன்றாகத்தான் நிற்கிறாள். நிறுத்தப்போகிறாளாம். இவ்வளவு நன்றாக நிற்கிறவள் ஏன் நிறுத்த வேண்டும்? யாரோ என்னமோ சொல்லியிருக்கிறார்கள். ட்ரெண்டா, மெக்கென்னாவா, பிறந்தநாளுக்குக் கூப்பிடாமல் விட்டார்களா, நிறத்தைப் பற்றி யாராவது, இல்லை, அப்படியிருந்தால் என்னிடம் சொல்லியிருப்பாள், சொல்லியிருப்பாளா, பேடியாமே. நெஞ்சுக்குள் மீன்முள் மாதிரி அது குத்திக்கொண்டே இருக்கிறது, முழுங்கினால் இறங்கமாட்டேன் என்கிறது.

வலது காதில் இரைச்சல். ஸ்கார்பி கோல் அடித்துவிட்டது. வர்ணனைக்காரன் தொண்டை கிழியக் கத்துகிறான், அங்கே முப்பதாயிரம் பேர் கத்துகிறார்கள், நான் வட கரோலினாவில் பைன் மரத்தடியில் மிட்டாயைக் கடித்து உடைத்தேன், மடார் என்று சத்தம், நாலு நாற்காலி தள்ளி இருந்தவன் திரும்பிப் பார்த்தான். ஆன்சலம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பல்லா என்று ஜாடையில் கேட்கிறார். இல்லை என்று தலையாட்டினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சந்தோஷத்தில் அல்ல, சந்தோஷத்தை முழுங்கினதில். இதைத்தான் பிள்ளைகளுக்கு நல்லது என்கிறார்கள், நெஞ்சு வெடித்துச் செத்த அம்மாக்கள் பிள்ளைகளுக்கு நல்லதா?

அதற்குள் நீலச் சட்டைக்காரிகள் பந்தை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். ஒருத்தி உயரமானவள், பாய்ச்சல் பாய்ச்சலாக, அபிஷாவின் பின்பக்கமாக நழுவப் பார்க்கிறாள். எனக்குத் தெரியும் அடுத்து என்ன வரும் என்று, பின்னால போ, பின்னால போடீ, வார்த்தை தொண்டைவரைக்கும் வந்துவிட்டது, மிட்டாய்த் துண்டுகளோடு சேர்த்து முழுங்கினேன், இந்தப் பிள்ளை பின்னால் போகவில்லை, முன்னால் வருகிறாள், பைத்தியமா இவளுக்கு, பந்து வரப்போகிறது, ஒரு கையைத் தூக்கிக்கொண்டு இரண்டு எட்டு முன்னால், அவளோடு மற்ற இரண்டு பெண்களும் கயிறு கட்டி இழுத்தாற்போல் முன்னால், அந்த உயரக்காரி தனியாகப் பின்னால் மாட்டிக்கொண்டாள், பந்து வந்தது, விசில் அடித்தது. ஆஃப்சைடு. பந்து வருமுன்னே தடுக்கிறவர்களைத் தாண்டி நின்றால் செல்லாது, ரெஃப்ரிப் பெண் கையைத் தூக்குகிறாள். நான் நாற்காலியின் கையைப் பிடித்தபடியே இருந்தேன். நான் சொல்லியிருந்தால் பின்னால் போயிருப்பாள். பின்னால் போயிருந்தால் கோல். இல்லை, அப்படிச் சொல்ல முடியாது, கோல்கீப்பர் பிடித்திருக்கலாம், ஒரு தடவை சரியாக வந்ததை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

அப்போதுதான் ஒரு குரல் கேட்டது. இல்லை, கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறது, அப்போதுதான் எனக்கு உறைத்தது. மைதானத்தில் யாரோ விடாமல் பேசிக்கொண்டிருக்கிறார்கள். "லெஃப்ட், எல்லா, லெஃப்ட். ஹோல்ட். ஹோல்ட். ஓகே, ஸ்டெப்." கரகரப்பான, தடித்த குரல், சின்னப் பிள்ளைக் குரல் மாதிரியே இல்லை. யார் விதியை மீறுகிறது, பெரியவர்கள் யாரோ என்று கோட்டோரம் முழுக்கத் தேடினேன், எல்லார் வாயிலும் குச்சி நீட்டிக்கொண்டிருக்கிறது. எதிரணிக் கோல்கீப்பரா, இல்லை. குதிரைவால் ஆடுகிறது, கை அசைகிறது, வாய் அசைகிறது, என் மகள். வீட்டில் கேட்டதற்கெல்லாம் "தெரியல" என்று பாதி வார்த்தையை விழுங்குகிறவள். டின்னரில் பள்ளிக்கூடம் எப்படி இருந்தது என்றால் "ஓகே" என்பாள், அதோடு சரி. இங்கே எட்டுப் பெண்களை நிறுத்துகிறாள், நகர்த்துகிறாள், மூச்சு வாங்க விடுகிறாள். எல்லா என்கிற அந்தச் சிவப்புத் தலைப் பிள்ளை தப்பான இடத்தில் நின்றால், "எல்லா, யூ ஆர் குட், ஜஸ்ட் டூ ஸ்டெப்ஸ்" என்கிறாள், கோபமில்லாமல், எங்கே படித்தாள் இதை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மூன்று வருஷம் ஒரு ஆட்டம் விடாமல் வந்திருக்கிறேன், ஒரு தடவைகூட இதை நான் கேட்டதில்லை, ஏன் என்னிடமிருந்து மறைத்தாள், மைதானத்து நடுவில் நின்று எப்படி மறைக்க முடியும், மறைக்கவில்லை, அப்போது என்னதான் செய்தாள், பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள், எனக்குக் கேட்கவில்லை, ஏன் கேட்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். தெரியாமல் என்ன. எதிர்ப்பக்கத்து கோட்டில் நிற்பவர்களுக்கும் கேட்கிற குரல் எனக்கு, மதில் மேல் உட்கார்ந்து வளர்த்த குரல். வலது காதில் வர்ணனைக்காரன் ஸ்கார்பிக்கு இன்னும் இருபது நிமிஷம் என்கிறான், சமாளிக்க வேண்டும் என்கிறான், அவன் பேச்சில் அவள் சொன்ன ஒரு வார்த்தை எனக்கு விட்டுப்போயிற்று. சனியனே, கொஞ்சம் சும்மா இரு என்று இயர்பட்டைப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டேன். பதினைந்து வருஷத்தில் ஸ்கார்பியைப் பாதியில் விட்டது இன்றுதான் முதல் தடவை. அதற்கப்புறம் ஆட்டத்தைப் பார்த்தேனா என்று தெரியாது. கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டுகூடக் கொஞ்ச நேரம் கேட்டேன். ஆன்சலம் தூங்குகிறேன் என்று நினைத்து முழங்கையால் இடித்தார்.

பிள்ளைகளின் ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. கடைசி விசில் அடித்ததும் கோட்டோரம் முழுக்க ஒரே நேரத்தில் பேச்சு வெடித்தது, மூடியை எடுத்த குக்கர் மாதிரி. மிசஸ் கால்டர் தூரத்தில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். ஆன்சலம் தன் ஃபோனை மூக்குக்குக் கிட்ட வைத்துப் பார்த்தார்.

"உன் ஆளுங்க ரெண்டுக்கு ரெண்டு. முடிஞ்சிருச்சு. நல்லதா, கெட்டதா?"

"கெட்டது."

"ஓ," என்றார். கொஞ்சம் யோசித்து, "ரொம்பவா?" என்றார்.

ஸ்கார்பி கீழே போய்விட்டது. அந்தக் கிழவி உயிரோடிருந்தால் இப்போது கோலுக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருப்பாள், நான் இங்கே மடக்கு நாற்காலியிலிருந்து எழுந்து நிற்கிறேன், அழ வரவில்லை, அபிஷா வந்துகொண்டிருக்கிறாள். முழங்காலில் புல் ஒட்டியிருக்கிறது, முகமெல்லாம் சிவப்பு. தண்ணீர் பாட்டிலை வாங்கிப் பாதியைக் குடித்து மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டாள். வீட்டுக்குப் போய்ப் பக்குவமாகக் கேட்க வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். காலையிலிருந்து மூடி வைத்த வாய், அது என்னைக் கேட்கவில்லை.

"இனி ஃபுட்பால் வேண்டாம்னு அப்பாகிட்ட சொன்னியாமே?"

அவள் பாட்டிலை இறக்கினாள். என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தாள். ஆன்சலம் நாற்காலியை மடக்கி அதன் பைக்குள் திணிப்பதில் ரொம்ப மும்முரமாக இருந்தார், கால் பக்கத்தை முதலில் விட வேண்டும், தலைப் பக்கத்தை விட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா!"

"பிறகு பேசலாம் மக்களே, வண்டிய எடுக்கணும்."

"நான் அப்படிச் சொல்லல," என்றாள் என்னிடம். "ஃபுட்பால் வேண்டாம்னு சொல்லவே இல்ல. அம்மா கேமுக்கு வர வேண்டாம்னுதான் சொன்னேன்."

பக்கத்தில் யாரோ ஐஸ் பெட்டியை இழுத்துக்கொண்டு போனார்கள், சக்கரம் கிறீச்சிட்டது. இவர் மாற்றிச் சொல்லியிருக்கிறார். எனக்கு நோகக்கூடாதென்று. எனக்கு நோகக்கூடாதென்று என் பிள்ளை விளையாட்டையே விடுகிறாள் என்று சொல்லியிருக்கிறார், அது நோகாதாம், இந்த மனுஷனின் கணக்கு எந்தப் பள்ளிக்கூடத்துக் கணக்கு. அவரைப் பார்த்தேன். நாற்காலிப் பையோடு போராடிக்கொண்டே, "உனக்கு ஃபுட்பால்னா உசிருன்னு…" என்று தொடங்கி, அந்த வாக்கியம் எங்கே போகிறது என்று தெரியாமல் நிறுத்திவிட்டார்.

"ஏன்?" என்றேன் அபிஷாவிடம். குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

"நீ சொல்றதயும் கேக்கணும். எல்லாவுக்கு நான் சொல்லணும். பாலையும் பாக்கணும்." ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினாள். "நான் எப்பம்மா யோசிக்கிறது?"

வாயைத் திறந்தேன். சொல்வதற்கு நிறைய இருந்தது. மதிலைப் பற்றி, ஜெரால்டின் பூட்ஸைப் பற்றி, கத்துவதும் சொல்வதும் ஒன்றில்லை என்பதைப் பற்றி. யாரிடம் சொல்வது. அவள் கேட்டது நியாயமான கேள்வி, என் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டிருந்தால் நல்ல கேள்வி என்று போர்டில் எழுதிப் போட்டிருப்பேன். அதுவும் எரிச்சலாக இருந்தது. பதினொரு வயசு.

"அப்ப வரவே வேண்டாமா?"

அவள் காலணி முனையால் புல்லைத் தோண்டினாள். "கிட்ட வேண்டாம்," என்றாள்.

"வாய மூடிட்டு இருந்தா?"

"இன்னைக்கு மூடிட்டுத்தான் இருந்த. நீ பேசாம இருந்தாலும் உன் மூஞ்சி கத்துது."

ஆன்சலத்துக்குச் சிரிப்பு வந்து இருமலாக மாற்றினார். நான் சிரிக்கவில்லை.

"சரி. அப்ப அடுத்த வாரம் நான் எங்க நிக்கணும்னு நீயே சொல்லு."

அதை அவள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. கண்ணுக்கு மேல் கையை வைத்து மைதானத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தாள், ஆளை நிறுத்துகிற அதே பார்வை. பிறகு கையை நீட்டினாள். தூரத்து மூலை, கொடிக்கும் அந்தப் பக்கம், பிளாஸ்டிக் கக்கூஸ் வைத்திருக்கிற இடத்தில், வேலியோரம்.

"அங்கேயா? அங்கேருந்து பாதி கிரவுண்டுதான் தெரியும்."

"செகண்ட் ஹாஃப்ல நான் அந்தப் பக்கம்தான் வருவேன், அம்மா."